தொட்டி கொடுத்த விசில்

அன்று தொட்டிக்குள் இருந்தவர்கள்: பஸ் டிரைவர் ஒருவர், தொப்பைக்குள்ளிருந்து கிளம்பும் கனத்த குரலுக்காக டிரான்ஸ்பார்மர் என்று பெயர் வாங்கியவர்; மருந்துக்கடை நடத்தும் ஒரு அம்மா, மூச்சுப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது; மெத்தை கம்பெனியில் ஃபோம் வெட்டும் ஒரு பெண், அவள் வாயும் கத்தி மாதிரிதான்; அவளுடைய அக்கா புருஷன், லிஃப்ட் மெக்கானிக், உறவுக்காரர் உட்பட எல்லாரும் குக்கர் என்று கூப்பிடும் ஆள்; இவர்களைக் கேட்டுப் பார்க்க வந்த இசையமைப்பாளர், தலை நரைத்த பெண்மணி, சிமெண்ட் தரையில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆக ஐந்து பேர். தொட்டியையும் சேர்த்தால் ஆறு. அதைச் சேர்க்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தொட்டி என்றால் நிஜமாகவே தண்ணீர்த் தொட்டிதான். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் கிடக்கிறது. மொட்டை மாடியில் புதுத் தொட்டி வந்த பிறகு இதை வற்றவைத்தார்கள். உள்ளே இருந்த பம்பை எடுக்கச் சுவரை உடைத்தார்கள். உடைத்த இடத்தில் ஒரு இரும்புக் கதவை மாட்டிவிட்டு மறந்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வது குக்கரின் வேலை. சாவிக்கொத்தில் ஒரு சாவி கூடுதலாக இருப்பதைப் பார்த்து, எதற்கு என்று தெரிந்துகொள்ளப் போனவன் உள்ளே நின்று ஒரு தும்மல் போட்டான். தும்மல் நாலு சுவரையும் சுற்றிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தது. அவர்கள் பாடும் குழுவுக்கு அன்றைக்கே இடம் கிடைத்துவிட்டது.

அவர்கள் செய்வதைப் பாட்டு என்று சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வார்த்தை கிடையாது. தொண்டையில் ஒரே சுரத்தை அசையாமல் பிடிக்க வேண்டும்; அது அடிக்குரல். பிறகு நாக்கை அண்ணத்தை ஒட்டித் தூக்கி, உதட்டைக் குவித்து, வாய்க்குள் இருக்கும் இடத்தை மயிரிழை மயிரிழையாக மாற்ற வேண்டும். நாக்கு சரியான இடத்தில் நின்றால், அடிக்குரலுக்குள் ஒளிந்துகொண்டிருந்த இன்னொரு சத்தம், மெல்லிய குழலோசை மாதிரி, தலைக்கு மேலே எழும்பும். ஒரு ஆள், ஒரு மூச்சு, இரண்டு குரல். மேலே எழும்புவதை இவர்கள் விசில் என்பார்கள். அடிக்குரல் நின்ற இடத்தில் நிற்க, விசில் மட்டும் படி ஏறி இறங்கும். கேட்கிறவர்கள் முதலில் சுற்றிலும் பார்ப்பார்கள், வேறு யாரோ ஊதுகிறார்கள் என்று.

குக்கருக்கு இது வந்தது லிஃப்ட் போகும் பள்ளத்தின் அடியில். மேலே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது, அதோடு சேர்ந்து சும்மா முனகிக்கொண்டிருந்தான். கடைவாய்ப் பல்லில் ஏதோ நார் மாட்டியிருந்தது. அதை நாக்கால் நெம்பப் போனபோது தலைக்கு மேலே விசில் கேட்டது. யாரோ தன்னை எச்சரிக்கிறார்கள் என்று நினைத்து, உயிர் தப்பினால் போதும் என்று வெளியே பாய்ந்தான். வெளியே யாரும் இல்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு பல வருஷம், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வேலை முடிந்ததும் பள்ளத்தில் நின்று பாடாமல் அவன் ஏறியதில்லை. வீட்டில் பெயரும் வைத்துவிட்டார்கள். அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. குக்கர் இல்லாமல் எந்த வீடு ஓடுகிறது என்பான்.

இசையமைப்பாளர் முன்னால் அன்றைக்கு அவன் பாடியதை யாரும் குறை சொல்ல முடியாது. டிரான்ஸ்பார்மர் அடிக்குரலைப் போட்டார், தரை லேசாக அதிர்ந்தது. மருந்துக்கடை அம்மா அதன்மேல் ஏறி நின்றார். குக்கர் வழக்கமான இடத்தில், மூலையிலிருந்து நாலடி தள்ளி, கண்ணை மூடி நின்று வாயைத் திறந்தான். விசில் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் மூச்சு வாங்கும் நேரத்தில்கூட அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மூச்சு வந்து அதைப் பிடித்துக்கொண்டது. இடையில் இடைவெளி என்பதே தெரியவில்லை.

ஃபோம் வெட்டும் மச்சினிக்குத்தான் அன்றைக்கும் தகராறு. குழுவில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் அவள் அடிக்குரல் மற்றவர்களோடு வந்து சேராது. ஒரு நூல் மேலே நிற்கும், அல்லது மற்றவர்கள் ஒரு நூல் கீழே போய்விடுவார்கள். அவள் விசிலும் தொட்டிக்குள் எங்கேயோ தொலைந்துவிடும். குக்கர் கையை ஆட்டிப் பாட்டை நிறுத்தினான்.

"தொட்டிக்கு வா. எத்தன தடவ சொல்றது? சுவரு ஒரு சுரம் கேக்குது, அதக் குடு."

"சுவரு கேக்குறதெல்லாம் குடுக்க, அது என்ன எனக்கு மாமியாரா?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

டிரான்ஸ்பார்மர் சிரித்தார். இசையமைப்பாளர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து மச்சினியைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். மச்சினி வழக்கம்போல அடிக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். விசில் போடுவது மாமாவின் வேலை என்று எப்போதோ முடிவாகியிருந்தது. முடிவு செய்தது யார் என்று கேட்டால் மாமாதான்.

பாடி முடித்த பிறகு இசையமைப்பாளர் விஷயத்தைச் சொன்னார். வாத்தியக் குழுவுக்காக அவர் எழுதிய ஒரு நீண்ட படைப்பு பெரிய மண்டபத்தில் அரங்கேறப் போகிறது. நடுவில் ஒரு கட்டம். வயலின், தாளம் எல்லாம் வாயை மூடிக்கொள்ள, ஒரே ஒரு ஆள் தனியாக நின்று இரண்டு குரலில் பாட வேண்டும். அந்த ஒரு ஆளைத் தேடித்தான் வந்திருந்தார். அவருடைய வேலை அறைக்கு நாலு பேரும் வந்து தனித்தனியாக ஒருமுறை பாடிக் காட்ட வேண்டும் என்றார். நாலு பேரையும் கூப்பிட்டது மரியாதைக்கு என்று குக்கர் எடுத்துக்கொண்டான்.

மறுநாளே கம்பெனியில் மேலாளரிடம் லீவு சொல்லிவிட்டான். ஒத்திகைக்கு, அரங்கேற்றத்துக்கு, அதற்கு அடுத்த நாள் ஓய்வுக்கு. கூட வேலை பார்க்கிறவர்கள் டிக்கெட் கேட்டார்கள். முதல் வரிசை தர முடியாது, அங்கே உட்கார்ந்தால் காது போய்விடும் என்றான். கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கும் அவன் மனைவி, இன்னும் கூப்பிடவே இல்லையே, அதற்குள் ஏன் தண்டோரா போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, இந்த ஊரிலேயே இதை இப்படிச் செய்ய ஒரே ஆள்தான் இருக்கிறான், அந்தம்மா வேறு எங்கே போவார் என்று பதில் சொன்னான். வெறும் பீற்றல் இல்லை. அவன் அதை நிஜமாகவே நம்பினான். அவன் காதில் விழுந்தது எல்லாம் அதைத்தான் சொன்னது.

இசையமைப்பாளரின் அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. கீழே சுத்தியல் சத்தம். படியேறிக் கனமான கதவைச் சாத்தினால் அந்தச் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றுபோனது. தரையில் தடித்த விரிப்பு. ஜன்னலில் போர்வை மாதிரித் திரை. நாலு சுவரிலும் கறுப்பு ஃபோம், முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாக. மச்சினி உள்ளே நுழைந்ததும் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மட்டமான சரக்கு, ரெண்டே வருஷத்தில் உதிரும் என்று அக்காவின் புருஷனிடம் கிசுகிசுத்தாள். அவள் முகத்தில் சொந்த வீட்டுக்கு வந்த களை. குக்கருக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்கு அந்த அறையில் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. கொட்டாவி விட்டுப் பார்த்தான், அடைப்பு போகவில்லை.

முதலில் அவன்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே மைக்குக்கு முன்னால் போய் நின்றான். கண்ணை மூடி, அடிக்குரலைப் போட்டு, வாயைத் திறந்தான்.

சத்தம் உதட்டைத் தாண்டியது, சட்டைப் பாக்கெட்டிலேயே விழுந்துவிட்டது.

மறுபடி போட்டான். அடிக்குரல் இருந்தது. அதன்மேல் காற்றுச் சத்தம் இருந்தது, சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தால் வருமே, அந்த மாதிரி. விசில் எங்கேயோ இருந்தது. இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது, கேட்கத்தான் இல்லை. இன்னும் அழுத்தினான். அடிக்குரல்தான் பெருத்தது. பிறகு அவனுக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. அடிக்குரல் மெல்லக் கீழே வழுக்கியது. கொஞ்சம் நின்றது. மேலே ஏறியது. மறுபடி வழுக்கியது. இருட்டில் ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவுகிறவன் கை மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது. அடிக்குரல் நகர்ந்தால் மேலே இருக்கும் அத்தனையும் நகர்ந்துவிடும். எழும்பப் பார்த்த விசிலும் காலடி மணல் போலக் கரைந்தது.

இசையமைப்பாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"எதத் தேடுறீங்க?"

ஒன்றுமில்லை என்றான். இரண்டு நாளாகச் சளி என்றான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். மைக் ஏதோ மேல் சத்தத்தை விழுங்குகிறது என்றான். அவர் வாதாடவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து, அவன் முழங்காலுக்கு எதிரே முழங்கால் வைத்து உட்கார்ந்து, இப்போது எனக்கு மட்டும் பாடுங்கள் என்றார். அது இன்னும் மோசமாகப் போனது.

டிரான்ஸ்பார்மர் அடுத்து பாடினார். அடிக்குரல் மலை மாதிரி நின்றது, விசில் கொசு மாதிரி வந்தது. அவர் கவலைப்படவில்லை, தனக்கு என்ன வரும் என்று தெரிந்தவர். மருந்துக்கடை அம்மாவின் விசில் மெல்லியதாக ஆனால் நேராக வந்தது. நடுவில் இருமி, போதும் என்று அவரே இறங்கிவிட்டார்.

மச்சினி மைக்குக்கு முன்னால் நிற்கவில்லை, ஓரத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலையிடத்தில் உட்கார்ந்துதான் பழக்கம் என்றாள். ஒரு பெரிய மூச்சுகூட எடுக்கவில்லை. அடிக்குரல் வந்தது, சாதாரணக் குரல், பக்கத்து அறையில் யாரோ பேசுகிற உயரம். அது நின்ற இடத்தில் நின்றது. பிறகு அதன்மேல் விசில் வந்தது. பெரிதாக இல்லை. கம்பி மாதிரி இருந்தது. ஒரு படி ஏறியது, நின்றது, இன்னொரு படி, இரண்டு படி தாண்டிக் கீழே. படிக்கும் படிக்கும் நடுவில் சுத்தமான வெறுமை. ஒவ்வொன்றும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம்.

குக்கர் அதை முதல் முறை கேட்கவில்லை. இதே குரலை ஒரு வருஷமாகத் தொட்டிக்குள் கேட்டிருக்கிறான். அங்கே அதைத் தப்பு என்று கேட்டான். ஒரு சுரத்தை நகராமல் பிடித்ததற்காகத்தான் அவளை அத்தனை நாளும் திட்டியிருக்கிறான்.

இசையமைப்பாளர் யோசிக்கவே இல்லை. மச்சினியிடம், அந்தக் கட்டம் உங்களுக்குத்தான் என்றார். பிறகு, இவ்வளவு வைத்துக்கொண்டு அன்றைக்கு ஏன் ஓரமாக நின்றீர்கள் என்று கேட்டார். மூன்று தலைகளும் குக்கர் பக்கம் திரும்பின. மச்சினி மட்டும் திரும்பவில்லை.

"எனக்கும் தொட்டிக்கும் பேச்சுவார்த்த இல்லீங்க" என்றாள்.

காட்டிக் கொடுத்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை கிடைத்திருக்கும்.

கிளம்பும்போது அவன் வாசலில் நின்றுவிட்டான். மற்றவர்கள் படியிறங்கினார்கள். தன் குரலுக்கு ஏற்ற இடம் இது இல்லை, மண்டபம் என்றால் கதை வேறு, பெரிய கூரை, பெரிய சுவர் என்று ஆரம்பித்தான். இசையமைப்பாளர் அவனைப் பேச விட்டார்.

"ஆயிரம் பேரு சட்டயும் துணியுமா வந்து உக்காந்தா மண்டபமே மெத்ததான்" என்றார். "அங்க உங்களுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க."

பிறகு இன்னொன்றும் சொன்னார். கடைசிக் கட்டத்தில் இரண்டு விசில் எதிரெதிரே வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒன்று முடிவாகிவிட்டது. இன்னொன்றுக்கு ஆள் கிடைத்தால் எழுதுவார், இல்லையென்றால் அந்த இடத்தைக் குழலுக்குக் கொடுத்துவிடுவார். மாதக் கடைசி வரை பார்ப்பார். இதே அறை, மைக் இல்லாமல்.

"வர்றேன்" என்றான் குக்கர். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாத மாதிரி அவர் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அடுத்த சில நாள் அவன் பாடாத இடம் இல்லை. லிஃப்ட் பள்ளத்தில் பாடினான். விசில் ஆறாவது மாடி வரை போனது. லிஃப்டுக்குள்ளேயே பாடினான், தகரப் பெட்டி தேனாக இனித்தது. மாடிப்படி வளைவில் பாடினான், மூன்றாம் வீட்டுக்காரர் கதவைத் திறந்து கும்பிடு போட்டார். எல்லா இடத்திலும் அவன் ஊருக்கே ராஜா. பிறகு கம்பெனி வேனுக்குள், பழைய துணி மூட்டைகளுக்கு நடுவில் பாடினான். ஒன்றுமில்லை. அங்கேயும் குரல் நழுவித் தேட ஆரம்பித்தது. இந்த முறை அதைத் தானே பார்த்தான்.

அன்று மாலை அவன் மனைவி வேலை முடிந்து வந்தபோது, புருஷன் பீரோவை அகலத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டு நின்றுகொண்டிருந்தான். உள்ளிருந்து உறுமல் வந்தது.

"என்னங்க, பீரோவுக்கு உடம்பு சரியில்லையா?"

தலையை எடுத்தான். காதில் ஒரு ஹேங்கர் மாட்டியிருந்தது. நடந்ததை எல்லாம் தங்கை ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தாள், குறைத்தோ கூட்டியோ சொல்லாமல். அவன் அந்த அறையைப் பற்றி மறுபடி ஆரம்பித்தான். மட்டமான ஃபோம், தாழ்ந்த கூரை, செத்த காற்று. அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, ஆடத் தெரியாதவளுக்குத்தானே கூடம் கோணல், ஆடத் தெரிந்தவருக்கும் கோணலா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தான் மச்சினிக்குக் கொடுத்த அடி அக்கா வழியாகத் திரும்பி வந்தது. சுவரில் பட்ட தும்மல் மாதிரி, நிதானமாக.

கட்டிலில் உட்கார்ந்து அதை யோசித்தான். கூடம் கோணல் இல்லை. கூடம் நேராகத்தான் இருந்தது, இவ்வளவு நாளும் அது இவனுக்காக ஆடிக்கொண்டிருந்தது, அதுதான் சங்கதி. எந்தப் பள்ளத்துக்குப் போனாலும் முதல் மூச்சில் அவன் செய்தது ஒன்றுதான்: எந்தச் சுரத்துக்குச் சுவர் பதில் சொல்கிறது என்று தேடி, அங்கே போய் நின்றுகொள்வது. சுவர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. நாக்கு எப்போதும் பாதி வேலைதான் செய்தது. மூச்சு வாங்கும் ஓட்டையைத் தொட்டி அடைத்தது. படிக்கும் படிக்கும் நடுவில் இருந்த வழுக்கலைத் தொட்டி பூசி மெழுகியது. அவன் தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு திரிந்ததில் பாதி சிமெண்ட்.

இதை ஒத்துக்கொள்ள அவனுக்கு ஒரு தட்டு சாப்பாட்டு நேரம் ஆனது. அதற்கு மேல் ஆகவில்லை. லிஃப்ட் மாட்டிக்கொண்டால் மெக்கானிக் அழுதுகொண்டிருப்பதில்லை, எந்த மாடியில் நிற்கிறது என்று பார்ப்பான். பாதி சிமெண்ட் என்றால் மிச்சப் பாதி தன்னுடையது. அதை வைத்து மறுபாதியைக் கட்டிவிடலாம். சாப்பிட்டுக் கை கழுவியதும் மச்சினிக்குப் போன் போட்டான்.

வேலையிடத்தில் உட்கார்ந்துதான் பழக்கம் என்றாயே, எங்கே உட்கார்ந்து பாடுவாய் என்று கேட்டான். மெத்தை கோடவுனில் என்றாள். ஃபோம் வெட்டுகிற இயந்திரம் ஓய்ந்த பிறகு, சாப்பாட்டு நேரத்தில், அடுக்கி வைத்த மெத்தைகளுக்கு நடுவில். சாவி அவள் பொறுப்பில் இருந்தது. லீவு நாளில் ஒருநாள் உள்ளே விடுவாயா என்றான். மறுமுனையில் ஒரு செருமல். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"விடலாம் மாமா. ஆனா அங்க யாரும் கை தட்ட மாட்டாங்க. உங்க குரலே உங்களுக்குக் கை தட்டாது."

"தெரியும். அதுக்குத்தான் வர்றேன்."

கோடவுன் கம்பெனிக்குப் பின்னால் இருந்தது. லாரி வந்து நிற்கும் நீளமான சிமெண்ட் நடை, அதன் முடிவில் ஒற்றை இரும்புக் கதவு. உள்ளே ஜன்னல் கிடையாது, மேலே வெளிச்சத்துக்கு நாலு கண்ணாடிப் பலகை. பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் நெட்டுக்குத்தாக, ஆளை விட உயரமாக, வரிசை வரிசையாக நின்றன. நடுவில் ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் சந்து. சந்தின் கடைசியில் ஃபோம் துண்டுகளைக் கட்டிவைத்த மூட்டை. அதுதான் அவளுடைய ஆசனம். மச்சினி அதைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தான். உட்கார்ந்தபோது எழுந்த சத்தம்கூட அவனிடமே நின்றுவிட்டது.

பாடினான். விசில் இல்லை. ஆனால் இந்த முறை அழுத்தவில்லை. குரலைத் தணித்தான், அவள் அன்றைக்குப் பாடிய உயரத்துக்கு. நாக்கை எடுத்துப் புதிதாக வைத்தான், முதல் நாள் லிஃப்ட் பள்ளத்தில் பல்லில் மாட்டிய நாரை நெம்பப் போனபோது வைத்த இடத்தில். மூன்றாவது மூச்சில் ஏதோ ஒன்று மின்னியது. நாலாவதில் இன்னும் கொஞ்சம். ஐந்தாவதில் விசில் வந்தேவிட்டது, மெலிந்து, ஆனால் வந்தது. குக்கர் கண்ணைத் திறந்தான். பார்த்தாயா என்கிற முகம்.

மச்சினி சந்தின் நுனியில், கதவருகே நின்றுகொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"மாமா, எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கீங்க?"

குனிந்து பார்த்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன், நாலு மூச்சுக்குள் மூட்டையோடு திரும்பிக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருந்தது. வெளியே அந்த நீளமான சிமெண்ட் நடை. விசில் கோடவுனில் எழும்பவில்லை, வெளியே போய் நடையில் எழும்பித் திரும்பி வந்திருக்கிறது. அடிக்குரலும் அதற்கேற்ப ஒரு நூல் இறங்கியிருந்தது. அவனைக் கேட்காமலே உடம்பு போய்ச் சுவரைக் கண்டுபிடித்துவிட்டது.

சிரித்தான். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். நிமிர்த்த வேண்டாம், நாயை வெளியே போகாமல் வைத்தால் போதும்.

"கதவச் சாத்து" என்றான்.

சாத்தினாள். உள்ளே நின்றபடியே சாத்தினாள். இரண்டு நிமிஷம் போனது, காற்று இல்லை என்று ஒரு காரணம் சொல்லி அவனே எழுந்துபோய் ஒரு கையளவு திறந்து வைத்தான். திறந்த பிறகுதான் தன் கை என்ன செய்தது என்று பார்த்தான். அவள் புருவத்தைத் தூக்கினாள். ஒரு வருஷம் திட்டு வாங்கியவளுக்கு அந்தப் புருவத்துக்கு உரிமை உண்டு.

குக்கர் கதவருகே நின்று யோசித்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து தன் சாவிக்கொத்தை எடுத்தான். தொட்டிச் சாவியைத் தனியாகக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

"இது உங்கிட்ட இருக்கட்டும். நாளையிலருந்து டிரான்ஸ்பார்மரயும் மருந்துக்கட அம்மாவயும் நீயே கூட்டிட்டுப் போ. எந்தச் சுரம்னு நீ சொல்லு."

"தொட்டிக்கு வரணும்னு சொல்லணுமா மாமா?"

"அதச் சொன்னவன இன்னைக்கு உள்ள வெச்சுப் பூட்டப் போற."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றான். தாழ்ப்பாள் போட்டால் தன் கை திறந்துவிடும், கைமேல் நம்பிக்கை இல்லை, போன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சாப்பாட்டு நேரத்துக்கு வந்து திற என்றான். மாதக் கடைசியில் இசையமைப்பாளர் முன்னால் இரண்டு விசில் எதிரெதிரே நிற்கும், ஒன்று உன்னுடையது, இன்னொன்று யாருடையது என்று நீயே பார்க்கத்தானே போகிறாய் என்றான். அதில் கெஞ்சல் இல்லை. மேலாளரிடம் லீவு சொன்னபோது இருந்த அதே குரல்தான், கொஞ்சம் சின்னதாகியிருந்தது.

"அக்கா கேட்டா என்ன சொல்ல?"

"குக்கர் அடுப்புல இருக்குன்னு சொல்லு."

அவன் சந்துக்குள் போனான். மூட்டையைக் கடைசி வரை தள்ளி, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். மூக்குக்கு முன்னால் ஒரு மெத்தை, அதன் உறையில் அவன் மூச்சு படிந்து மறைந்தது. பின்னால் மச்சினியின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி நின்றது. கதவு வந்து சட்டத்தில் உட்கார்ந்தது. சாவி ஒரு சுற்று சுற்றியது. பூட்டு விழுந்த சத்தம் விழுந்ததோடு சரி; அதற்குப் பின்னால் எதுவும் திரும்பி வரவில்லை.